ஒட்டு வானமும் உண்மைக் கடலும்

உலகில் இல்லாத நிலத்தை நிழற்படத்தில் உண்டாக்கும் வித்தை, இன்று கணினி வைத்திருப்போர் பலர்க்கும் கைவந்த கலையாகிவிட்டது. மலையுச்சியில் கடலை ஏற்றுவர். ஒரே வானில் இரு நிலவு காட்டுவர். இதனைக் கணினி தந்த புதுமை என்றே பலரும் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. இவ்வித்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அது பிறந்ததும் ஏமாற்றும் எண்ணத்தாலன்று. ஒரு குறையை நீக்கும் பொருட்டேயாம்.

அக்குறை யாது? 1851-ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர், கொலோடியன் என்னும் பசைப்பொருளைக் கண்ணாடித் தகட்டிற் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அத்தகடு நீல ஒளியை விரைந்து பற்றும். பச்சைக்கும் சிவப்புக்கும் எளிதில் இசையாது. நிலமும் மரமும் தெளிவாக விழும்வரை பொறுத்திருந்தால், வானம் அளவிறந்த ஒளி பட்டு வெளிறிப்போகும். வானுக்கேற்ப விரைந்து மூடினாலோ நிலம் இருளில் மூழ்கும். அக்காலப் படங்கள் பலவற்றில் மேகமற்ற வெள்ளை வானமே காணப்படுவதன் காரணம் இதுதான்.

இக்குறையை வென்றவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே. 1820-இல் பிறந்த இவர் ஓவியம் பயின்றவர். ஆதலின் வெற்று வானத்தை அவர் கண் பொறுக்கவில்லை போலும். 1856-ஆம் ஆண்டு முதலாக நார்மண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் அவர் ஆக்கிய கடற்காட்சிகளுட் சில, இரு தகடுகளால் ஆனவை: கடலுக்கொன்று, வானுக்கொன்று. வானப் பகுதியை மறைத்துக் கடலைத் தாளிற் பதிப்பார். பின்னர்க் கடலை மறைத்து வானத்தைப் பதிப்பார். தையல் விழும் இடம் தொடுவானக் கோடு. அங்கே இயல்பாகவே ஒரு கோடு இருத்தலால் ஒட்டுத் தெரிவதில்லை. 1857-இல் செத் என்னும் ஊரில் ஆக்கிய 'பேரலை' இவ்வகையினது. ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்கள்மீது அவர் கவிழ்த்ததும் உண்டு!

அப்படங்கள் பொய்யா? கடலும் மெய், வானும் மெய். அவை இரண்டும் ஒருசேர நின்ற அக்கணம் மட்டுமே இல்லாதது. திணை மயங்க இடந்தந்த தொல்காப்பியர், நிலம் ஒருங்கு மயங்குதலுக்கு இடந்தரவில்லை என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அவ்விதியை நிழற்படக்காரர்மேல் ஏற்றுதல் முறையன்றுதான். ஆயினும் இங்கே அது நினைவுக்கு வருகிறது.

குறை நீக்கப் பிறந்த முறை, பின்னர்க் கற்பனைக்கே கருவியாயிற்று. அமெரிக்கராகிய ஜெரி யூல்ஸ்மன் (1934–2022), இருட்டறையில் பல உருப்பெருக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒரே தாளை ஒவ்வொன்றின் கீழும் நகர்த்தி, நீர்மேல் மிதக்கும் மரங்களைப் படைத்தார். 1990-இல் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் ஆக்கிய போட்டோஷாப் வெளிவந்தது; 1994-இல் அதனுள் அடுக்குகள் என்னும் வசதி சேர்ந்தது. ஒரு படத்தின்மேல் மற்றொன்றைக் கிடத்தி, வேண்டாத இடத்தை மறைக்கும் அவ்வடுக்குகளை லெ கிரே கண்டிருப்பின், தம் கண்ணாடித் தகடுகள் என்றே சொல்லியிருப்பார்.

பூசல் எழுந்தது வேறோரிடத்தில். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ், கிசாவின் பிரமிடுகளைத் தன் அட்டையிற் போட்டது. மூலப்படம் அகலமானது, அட்டையோ உயரமானது. ஆகவே கணினியைக் கொண்டு பிரமிடுகளை நெருக்கி வைத்தனர். படமெடுத்தவர் சற்றுத் தள்ளி நின்றிருந்தால் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே செய்தோம் என்பது போன்ற அமைதி கூறப்பட்டது. எமக்கு அது ஒப்புடையதாகத் தோன்றவில்லை. யூல்ஸ்மனின் மிதக்கும் மரத்தைக் கண்டு அப்படியொரு மரம் உண்டென எவரும் பயணம் புறப்படார். புவியியல் இதழைப் பார்ப்பவரோ உள்ளது உள்ளபடி காண்பதாக நம்பியே பார்க்கிறார்.

லெ கிரேயின் பிற்காலம் இரங்கத்தக்கது. தொழிலில் நொடித்து, 1860-இல் எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவுடன் கப்பலேறினார், பாரிசுக்குத் திரும்பவேயில்லை. 1999-இல் அவருடைய 'பேரலை'யின் படியொன்று இலண்டன் ஏலத்தில் ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அவரோ கெய்ரோ நகரில் ஓவியம் கற்பித்துக் காலங்கழித்து, 1884-இல் அங்கேயே மறைந்தார். கிசாவின் பிரமிடுகள் அந்நகரின் அருகில்தான் நிற்கின்றன.