ஜார்ஜ் டவுன் தரும் படிப்பினை



பினாங்குத் தீவில் 1786-இல் ஆங்கிலேயர் தோற்றுவித்த ஜார்ஜ் டவுன் துறைமுகத்திற்குச் சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறிச் சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலர். அவர்களின் தலைவராய் விளங்கிய காதர் முகைதீன் அவர்கள், 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பெற்ற நிலத்தில் எழுந்ததே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதனருகிலேயே சீனர் கோயிலும், மாரியம்மன் கோயிலும், 1818-இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயமும் அமைந்துள்ளன. பல சமயத்தார் கூடி வாழ்ந்த இந்நகரை, மலாக்காவுடன் சேர்த்து 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. சுற்றுலாப் பயணிகள் திரளாக வருகின்றனர்.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தது, தலைமுறைகளாய் வாழ்ந்த எளிய குடும்பங்கள் பல நகரை விட்டு அகன்றன. பின்னர் அவ்வீடுகளுட் பல, பயணிகள் விடுதிகளாயின. கட்டடம் காக்கப்பட்டது, குடிகள் குறைந்தனர்.

பள்ளிவாசலின் சுவரைப் புதுப்பிக்கப் பொருள் போதும். ஸஃப்புகள் நிரம்ப, பாங்கொலி கேட்கும் தொலைவில் குடும்பங்கள் வேண்டும். வக்ஃப் வீடுகளுக்கு வாடகை நிர்ணயிக்கும்போது வருவாயை மட்டும் நோக்காமல், முஹல்லாவின் எளியோரையும் எண்ணிப் பார்ப்போமாக! வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.