நடை மருந்தாக இருந்த தாம்பரம்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு நிலையத்தில் நிற்கும். தாம்பரம் சானடோரியம். முதுகில் பையுடன் இறங்கி வேலைக்கு ஓடும் இளைஞர்களுக்கு அது ஒரு ஊர்ப்பெயர், அவ்வளவுதான். நம் வயதுக்காரர்களுக்கு அப்படியில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போதே வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். "அவர் சானடோரியத்துல இருக்கார்" என்று யாராவது சொன்னால், மேற்கொண்டு ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பணி ஓய்வு பெற்ற நம்மில் பலருக்கு இன்று தினசரி வாழ்க்கை எப்படி இருக்கிறது? சிட்லப்பாக்கம் ஏரிக்கரையிலோ, அருகிலுள்ள பூங்காவிலோ காலாற ஒரு நடை. மரத்தடி பெஞ்சில் கொஞ்ச நேரம். நாலு மணிக்கு வீட்டில் மனைவியோடும், வந்தால் பேரக்குழந்தைகளோடும் ஒரு டம்ளர் டீ. இந்த மூன்றையும் நாம் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. ஆனால் நம் தாம்பரத்தில், ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்னால், முதல் இரண்டும் டாக்டர் எழுதித் தந்த மருந்து. மூன்றாவது, அந்த மருந்துக்காக நோயாளி விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த ஒன்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

காசநோய்க்குக் காரணமான கிருமியை ஜெர்மனியில் ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்து அறிவித்தார். கிருமி தெரிந்ததே தவிர, அதைக் கொல்லும் மருந்து அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் க்ஷயரோகம், என்புருக்கி என்றெல்லாம் சொன்னார்கள். வந்தவர் மெலிந்துகொண்டே போவார். மருந்து இல்லாத நிலையில் மருத்துவர்களிடம் இருந்தவை காற்று, உணவு, ஓய்வு, நடை, இந்த நான்குதான்.

கோக்குக்கு முன்பே, 1850களில், ஹெர்மன் பிரெமர் என்ற ஜெர்மன் மருத்துவர் மலைப்பகுதி ஒன்றில் இதற்கென ஒரு மருத்துவமனை தொடங்கினார். நல்ல காற்று, வயிறு நிறையச் சாப்பாடு, மலைப்பாதையில் அளவோடு நடை, இதுதான் சிகிச்சை. அவரிடம் நோயாளியாக வந்த டெட்வைலர் என்ற மருத்துவர், நடையைவிடப் படுத்து ஓய்வெடுப்பதே முக்கியம் என்றார். இங்கிலாந்தில் ஃப்ரிம்லி என்ற இடத்தில் மார்கஸ் பேட்டர்சன் 1905 முதல் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். காய்ச்சல் தணிந்த நோயாளி முதலில் நாளுக்கு அரை மைல் நடக்க வேண்டும். உடம்பு தாங்கினால் ஒரு மைல், இரண்டு மைல் என்று கூட்டிக் கூட்டி பத்து மைல் வரை போகலாம். அதன் பிறகு கூடை சுமப்பது, மண் வெட்டுவது என்று வேலையும் உண்டு. இன்று நமக்கு டாக்டர் "ஆறாயிரம் அடி நடங்க சார்" என்கிறாரே, அதற்குப் பாட்டனார் இந்த முறை.

இந்த வகைச் சிகிச்சையில் பெயர் பெற்ற ஒரு தமிழர் இருந்தார். டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. இங்கிலாந்தில் சோமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகளின் மேல் ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தவர். 1914 மார்ச்சில் கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பல் ஏறியபோது அதே கப்பலில் டாக்டர் முத்துவும் பயணம் செய்தார். மூன்றரை ஆண்டு கழித்து, 1917இல், ராமானுஜன் அவரிடமே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார். காசநோய் என்று அன்று கருதினார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அந்தச் சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்துப் பிள்ளை. திறந்த காற்றே மருந்து என்பதால் குளிரிலும் ஜன்னல்கள் திறந்திருக்கும் இடம். சைவச் சாப்பாடே சிரமம். மனைவி ஜானகி கடலுக்கு இந்தப் பக்கம். காற்றும் குன்றும் குறைவில்லாமல் கிடைத்தன. பக்கத்தில் உட்கார்ந்து "ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று சொல்லத்தான் ஆளில்லை. 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அந்தச் சேத்துப்பட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டாக்டர் முத்து சென்னைக்குத் திரும்பி 1928இல் நம் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். பச்சைமலை அடிவாரத்தில் சுமார் 250 ஏக்கர் நிலம். படுக்கைகளோ வெறும் 12! இன்று பன்னிரண்டு படுக்கை என்றால் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒரு தளம் போதும். அவருக்கு மருந்தே அந்த நிலமும் மரமும் காற்றும்தான். மின்சார ரயில்கூட அப்போது கிடையாது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் அது ஓடத் தொடங்கியது 1931இல். நகரத்து நெரிசலிலிருந்து தள்ளி, ஆனால் ரயிலில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தது தாம்பரம்.

அந்தக் காலச் சானடோரியங்களின் நாள் ஒழுங்கு ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒன்றுதான். திறந்த தாழ்வாரங்களில் கட்டில். வேளை தவறாமல் பால், முட்டை. காலையும் மாலையும் காய்ச்சல் பார்ப்பார்கள். வெப்பம் ஏறியிருந்தால் நடை கிடையாது, படுக்கைதான். இறங்கியிருந்தால் இவ்வளவு தூரம் என்று கணக்கு. வேகமாக நடக்கக்கூடாது, மூச்சு வாங்கக்கூடாது. நம்மைப்போல "இன்னிக்கு ஒரு ரவுண்டு கூடப் போயிட்டேன்" என்று பெருமை பேச முடியாது.

1937இல் சென்னை அரசு இந்தச் சானடோரியத்தை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. அங்கே எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் மரம் நடுவதையும் செடிகளைப் பேணுவதையும் தன் பணியாக எடுத்துக்கொண்டார். தென்னிந்திய மலைகளில் அலைந்து தாவரங்களைச் சேகரித்தவர். ஒரு காட்டுச்செடிக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இன்று தாம்பரத்தில் மிச்சமிருக்கும் பசுமையில் பெரும்பங்கு இந்த இரண்டு வளாகங்களில் இருக்கிறது. ஒன்று படிப்புக்காக வந்தது, இன்னொன்று நோய்க்காக வந்தது.

சரி, இந்த மருந்துக்கு நோயாளி கொடுத்த விலை என்ன?

என் பெரியம்மா 1958இல் ஒரு சானடோரியத்தில் எட்டு மாதம் இருந்தார். எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா ஃபிளாஸ்கில் காபியும், பையில் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துப் போவாள். பெரியம்மா மரத்தடிக்கு வருவார். ஓடிப்போய் அவர் மடியில் ஏறுவது என் வழக்கம். "கண்ணா, அங்கயே நில்லுடா, கிட்ட வராதே" என்பார். அம்மா டம்ளரில் காபி ஊற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பிறகு பெரியம்மா வந்து எடுத்துக்கொள்வார்.

பெரியம்மா குணமாகி வீடு திரும்பினார். டாக்டர்களே இனிப் பயமில்லை என்றார்கள். ஆனாலும் கொல்லைப்புற மாடத்தில் அவருக்கென்று ஒரு பித்தளை டம்ளர் தனியாக இருந்தது. யாரும் அதைத் தொடமாட்டோம். அதன் பிறகு அவர் இருபது வருடத்துக்கு மேல் திடமாக வாழ்ந்தார். கடைசி வரைக்கும் அந்த டம்ளரை அவரே எடுப்பார், அவரே கழுவிக் கவிழ்ப்பார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து குடிக்கும்போது அவர் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து குடிப்பார். ஒருவரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. ஒருவரும் உள்ளே வா என்றும் கூப்பிடவில்லை.

அந்தக் காலத்தின் மனநிலை அது. 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தை நாம் எல்லோரும் பார்த்து அழுதிருக்கிறோம். சரோஜாதேவிக்குக் காசநோய் வந்ததும், கணவன் நன்றாக இருக்க வேண்டுமென்று அவர் வீட்டை விட்டே போய்விடுவார். யாரும் அதை வியப்பாகப் பார்க்கவில்லை. நல்ல மனைவி அப்படித்தான் செய்வாள் என்று தியேட்டரே நம்பியது.

வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பிரிய வேண்டிய அவசியமே இல்லை என்று அந்தப் படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே நிரூபணம் ஆகிவிட்டது. நிரூபித்தது லண்டனோ நியூயார்க்கோ இல்லை, நம் சென்னை.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. ஆனால் நம் நாட்டில் அது எளிதில் கிடைக்கிற பொருளாக இல்லை. புதுமைப்பித்தன் காசநோயால் 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. அடுத்து பாஸ் என்ற மருந்தும், 1952இல் ஐசோநியாசிடும் வந்தன. மாத்திரை வந்துவிட்டது. இனியும் நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பத்தான் வேண்டுமா? வீட்டிலேயே கொடுத்தால் என்ன? நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இந்தக் கேள்விக்கு விடை தேட, உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு ஆகியவை சேர்ந்து 1956இல் ஒரு மையத்தைத் தொடங்கின. இடம், ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டு.

சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வோடு இருந்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, இருந்ததைச் சாப்பிட்டு, வேலையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்துவிட்டது. இதைவிட முக்கியமான இன்னொன்றையும் கண்டார்கள். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை. மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் அதற்கு முன்பே தொற்றியிருக்கும்.

உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை இதற்குப் பிறகு மாறியது. மேல்நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. நம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனையாகத் தொடர்கிறது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் சேர்க்கத் தயங்கியபோது, ஆயிரக்கணக்கில் அவர்களை ஏற்றுக் கவனித்த இடமும் இதுதான். தாழ்ந்த குரலில் பேசப்பட்டவர்களுக்கு இரண்டாம் முறையும் இடம் கொடுத்திருக்கிறது தாம்பரம்.

அப்படியானால் டாக்டர் முத்து நம்பிய பாலும் முட்டையும் வீண்தானா? இல்லை. 2023இல் ஜார்க்கண்டில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஊட்டச்சத்து கொடுத்ததில் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. அதை நடத்தியவர்களில் சேத்துப்பட்டு நிறுவனமும் உண்டு. நல்ல சாப்பாடு வேண்டும். அதை வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்தே சாப்பிடலாம்.

நம் வயதில் சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், "வெயில் ஒத்துக்கலை" என்று தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உறவிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்காவது வந்தால், மருந்தை நடுவில் விடாமல் சாப்பிட வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாத்திரத்தால் இந்த நோய் பரவுவதில்லை. நாலு மணிக்கு டீ போடும்போது அவருக்கும் அதே அலமாரியிலிருந்து டம்ளர் எடுங்கள், உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.