அப்பாவின் குரலும் 10 கிலோபைட்டும்

போன ஞாயிறு, மாட்டுங்கா வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பையைச் சர்வராக்கினேன். சீட்டுக்கட்டு அளவுதான் பலகை. அப்பா பேசிய பழைய கேசட்டுகளை எம்பி3 ஆக்கி அதில் ஏற்றியாயிற்று. (தங்கமணி கேட்டது: "இதுக்கா மூணு நாள்?")

அப்போதுதான் டிஃப்ராக் ஞாபகம் வந்தது. இதே ஊரில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், நம்ம சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டிய கணினி. 1960இல் முழுதாக ஓடியது. 1962இல் நேரு பெயர் வைத்தார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள், அறையை அடைக்கிற உருவம். நினைவகமோ 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். பெருக்கிப் பாருங்கள், வெறும் 10 கிலோபைட்! 128 கிலோபிட் எம்பி3க்கு ஒரு நொடிக்கே 16 கிலோபைட் வேண்டும். அப்பாவின் "சாப்பிட்டியாடா?" கூட அதில் அடங்காது. அதை வைத்துக்கொண்டுதான் விஞ்ஞானிகளின் கணக்குகளைப் போட்டிருக்கிறார்கள்.

என் பலகைக்கு வேறு சங்கடம். முதல் முறை ஏற்றியபோது கரண்ட் போய், மெமரி கார்டு கெட்டது. கேசட் இருந்ததால் பிழைத்தேன். இப்போது யூஎஸ்பி டிஸ்க்கில் ஒரு பிரதி, கல்லிடைக்குறிச்சியில் அண்ணனிடம் ஒன்று. அம்மா அங்கிருந்தே போனில் கேட்கிறாள். நேற்று ஒரே கேசட்டை இரண்டு தடவை.