ஜெர்ரி கேன்

எரிபொருளை எடுத்துச்செல்ல 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட, 20 லிட்டர் கொள்ளும் எஃகுக் கலன். ஷ்வெல்ம் நகரின் மியூல்லர் நிறுவனத் தலைமைப் பொறியாளர் வின்சென்ஸ் குரூன்ஃபோகல் 1937இல் இதை வடிவமைத்தார். ஜெர்மானியரை 'ஜெர்ரி' என்று அழைத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த பெயரே நிலைத்தது.

தூக்குபவரின் கையை நினைத்தே இதன் ஒவ்வொரு பகுதியும் அமைந்திருக்கிறது. மேலே மூன்று கைப்பிடிகள். நிறைந்த கலனை நடுப்பிடியைப் பற்றி ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளைப் பற்றி இருவர் சுமக்கலாம். காலிக் கலன்களானால் அடுத்தடுத்த ஓரப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே கையில் இரண்டை எடுத்துப்போகலாம். வரிசையாக நின்று கைமாற்றும்போது வாங்குபவருக்கு எப்போதும் ஒரு பிடி மீதமிருக்கும். மூடியைத் திருக வேண்டாம். நெம்புபிடியைத் தள்ளினால் திறக்கும், அழுத்தினால் இறுகும். வாயிலுள்ள சிறு குழாய் வழியே காற்று உட்புகுவதால் பெட்ரோல் தடைப்படாமல் கொட்டும், புனல் தேவையில்லை. அச்சில் அழுத்திய இரு தகட்டுப் பாதிகளைப் பற்றவைத்த இணைப்பு உள்ளடங்கி இருப்பதால் அடிபடாது. பக்கங்களில் குறுக்காக ஓடும் பள்ளங்கள் தகட்டை உறுதிப்படுத்துகின்றன. வெயிலில் பெட்ரோல் விரியும்போது இடமும் கொடுக்கின்றன. கைப்பிடிக்குக் கீழே எஞ்சும் காற்றறையால், நிறைந்த கலன்கூடத் தண்ணீரில் மிதக்கும்.

1939இல் அமெரிக்கப் பொறியாளர் பால் பிளைஸ், ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் புறப்பட்டார். குடிநீருக்காக அந்த நண்பர் டெம்பல்ஹோஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்து எடுத்துவந்த மூன்று கலன்கள் கல்கத்தா வரை வந்தன. கலனின் அருமையைப் பிளைஸ் எடுத்துச் சொல்லியும் அமெரிக்க ராணுவம் முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு தானே செய்தபோது கைப்பிடிகளை வைத்துக்கொண்டு, திருகுமூடி போட்டது. அதைத் திறக்க ஸ்பேனரும், ஊற்றப் புனலும் வேண்டியிருந்தன. எது இந்தக் கலனின் உயிரோ, அதையே விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷார் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இந்தக் கலனின் அருமையைப் பட்டறிந்தார்கள். நம்மூர் மண்ணெண்ணெய் டின்னைப் போன்ற அவர்களுடைய நான்கு காலன் தகர டின்கள் லாரி குலுக்கலில் பிய்ந்து ஒழுகின. முன்வரிசைக்குச் சேரும் முன்பே எரிபொருளில் பெரும்பங்கு மணலில் போயிற்று. கைப்பற்றிய ஜெர்மன் கலன்களைப் பொன்போலப் போற்றிய அவர்கள், கடைசியில் எதையும் மாற்றாமல் அப்படியே நகலெடுத்தார்கள். 1945 மே மாதத்துக்குள் ஐரோப்பா முழுவதும் 2.1 கோடிக்கும் மேற்பட்ட கலன்கள் சிதறிக்கிடந்தன. பிரான்ஸில் நேசப்படைகள் முன்னேறிய வேகத்துக்கு இக்கலனும் காரணம் என்று 1944இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் குறிப்பிட்டார்.

தண்ணீர் சுமக்கும் வேலையைப் பின்னாளில் பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டது. உகாண்டா போன்ற நாடுகளில் மஞ்சள் நிற 20 லிட்டர் கேன்கள் இன்றும் அதே பெயரில் புழங்குகின்றன. மூன்று பிடி கொண்ட எஃகுக் கலனும் இன்னும் தயாராகிறது.