துண்டிலிருந்து என்95 வரை

வில்லியனூர், பாகூர் பக்கம் நெல் தூற்றும்போது மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்வார்கள். சைக்கிளில் போகும் நம்மில் பலரும் அதையே செய்கிறோம். துண்டு புழுதியைத் தடுக்கும். வண்டிப் புகையின் நுண்துகள் அதைத் தாண்டி உள்ளே போய்விடும்.

நல்ல முகக்கவசம் பிறந்தது ஒரு கொள்ளைநோயில். 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-டே, மெல்லிய துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சை வைத்து முகத்தில் இறுகக் கட்டச் சொன்னார். அதை ஏற்காமல் நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெனி, சில நாட்களில் அதே நோயால் இறந்தார்.

1972-ல் 3எம் நிறுவனத்தின், ஒருமுறை அணிந்து எறியும் தூசிக்கவசத்துக்கு அமெரிக்க அங்கீகாரம் கிடைத்தது. 1995-ல் என்95 தரம் வந்தது: நுண்துகள்களில் 95 சதவீதத்தையாவது வடிகட்ட வேண்டும்.

வூ சொன்ன 'இறுக' என்பதே இன்றைக்கும் பாடம். ஓரத்தில் இடைவெளி இருந்தால் விலை உயர்ந்த கவசமும் வீண். சைக்கிள் மிதிக்கும்போது மூச்சு கூடுவதால் உள்ளே போகும் புகையும் கூடும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை என்95 தடுக்காது. ஆகவே சிக்னலில் பஸ்ஸின் பின்னால் நிற்காதீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது, முடிந்தவரை விழுப்புரம் சாலையைத் தவிர்த்து உள்தெரு வழியே அனுப்புங்கள்.