ஈரமணலில் தேய்த்த வெள்ளீயம்

அமெரிக்காவுக்கு வந்து கடற்கரையில் தூண்டில் போடத் தொடங்கிய முதல் வருஷம், கடையில் கண்ணைப் பறித்த பன்னிரண்டு பொய் இரைகளை வாங்கிப் பெட்டியில் அடுக்கியிருந்தேன். சிவப்புத் தலை, மினுங்கும் கண், பச்சைச் செதில். மாசசூசெட்ஸில் கேப் காடின் நாசெட் கடற்கரையில் மூன்று சனிக்கிழமை வீசியும் ஒன்றும் கடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் பையிலிருந்து விரல்நீள உலோகத் துண்டு ஒன்றை எடுத்தார். குனிந்து ஈரமணலை அள்ளி, என் ஊரான வீரபாண்டியன்பட்டினத்தில் அம்மா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பாளே, அப்படித் தேய்த்தார். மங்கிக் கிடந்தது பளபளத்தது. “இதைப் போட்டுப் பார்” என்றார்.

வெள்ளீயம். அந்தக் கரையில் அதற்கு ‘டின் ஸ்க்விட்’ என்று பெயர். ஸ்க்விட் என்றால் கணவாய். ஆனால் சாயலெல்லாம் மெலிந்த சிறுமீனுடையதுதான். காரீயம் சீக்கிரம் கறுத்துவிடும், வெள்ளீயம் தேய்க்கத் தேய்க்க மின்னும். கையாலேயே வளைக்கலாம் என்பதால், நீரில் அது ஆடுகிற விதத்தையும் கரையில் நின்றபடியே மாற்றிக்கொள்ளலாம். எதிர்க்காற்றையும் கிழித்துக்கொண்டு போகும்.

இந்தக் கரையில் எல்லோரும் தேடுவது ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்பு வரி ஓடும் மீன். ஒரு காலத்தில் எவ்வளவு கிடைத்ததென்றால், பாஸையும் காட் மீனையும் வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று மாசசூசெட்ஸ் காலனி 1639-இல் ஆணையிட வேண்டியிருந்தது. பிறகு வந்த கரையோர மக்களுக்குத் தூண்டில் கோல் கிடையாது. கயிற்று நுனியில் உலோக இரையைக் கட்டி, தலைக்கு மேல் சுழற்றி அலைக்கு அப்பால் எறிந்து, கைமாற்றிக் கைமாற்றி இழுப்பார்கள். ‘வீசு, இழு’ என்பதுதான் அந்தத் தொழிலின் பெயரே.

பணக்காரர்களின் வழி வேறு. 1864-இல் கட்டிஹங்க் தீவில் ஒரு மீன்பிடி சங்கம் தொடங்கினார்கள். பாறைகளிலிருந்து கடலுக்குள் பலகைப் பாலம் நீட்டி, அதன் நுனியில் நின்று சிங்கி இறாலின் வாலை முள்ளில் குத்திப் போட்டார்கள். மீனைக் கூட்ட இரைத்துண்டுகளைக் கடலில் தூவக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். சிங்கி இறாலை மீனுக்கு எறிந்த காலம் அது!

விலாங்கைக் கண்டால் பாஸ் விடாது. அதைக் கவனித்தவர்கள் விலாங்கின் தோலை உறைபோல உரித்து உலோகத்தின்மேல் மாட்டினார்கள். இழுக்கும்போது தண்ணீர் உள்ளே புகுந்து தோல் உப்பும். செத்த தோல் உயிருள்ள விலாங்காக நெளியும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் மர இரை வந்தது. இடம், 1914-இல் திறக்கப்பட்ட கேப் காட் கால்வாய். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏற்ப அதில் நீரோட்டம் ஆறுபோலப் பாயும். அந்தக் கரையில் மீன் பிடித்த பாப் பாண்ட், தாடையில் தகடு வைத்த மரமீன் ஒன்றைச் செய்தார். அணுகுண்டுப் பேச்சு எங்கும் கேட்ட நாட்கள். அவர் வைத்த பெயர் ‘ஆட்டம்’, அதாவது அணு. தமிழில் எழுதினால் இன்னும் பொருத்தம்: தகட்டில் தண்ணீர் மோத, அது ஆடிக்கொண்டே வரும். அதே கால்வாய்க்கரையில் ஸ்டான் கிப்ஸ் கட்டையைக் கடைந்து இரை செய்து விற்றார். அவருக்கு இன்று பஸர்ட்ஸ் பேயில் சிலை இருக்கிறது.

இவர்கள் யாரும் அழகுக்காக இரை செய்யவில்லை. அன்றைக்கு மீன் எதைத் தின்கிறது என்று பார்த்தார்கள், அதைச் செய்தார்கள். நானும் பெரியவரிடம் அதைத்தான் கற்றேன். மணலில் புதையும் ஊசிமீன்கள் கரையோரம் திரியும் நாளில் மெல்லிய வெள்ளீயம். அயிலைக் கூட்டம் கால்வாய்க்குள் வந்தால் நீர்மட்டத்தில் தத்தும் மரக்கட்டை. இரவில் கறுப்பு இரை, ஏனென்றால் மீன் கீழிருந்து பார்ப்பது நிறத்தை அல்ல, வானத்துக்கு எதிரே தெரியும் நிழலுருவை. எதுவும் புரியாவிட்டால், பிடிபட்ட முதல் மீனின் வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டும்.

இரையை இப்படிக் கூர்ந்து பார்க்கிறவனுக்கு மீன் குறைவதும் சீக்கிரம் தெரிந்துவிடும். பாண்டுக்குத் தெரிந்தது. பொய் இரை விற்றுப் பிழைத்த மனிதர், 1960-களில் பாஸைக் காப்பாற்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார். செஸபீக் விரிகுடாவில் சேரும் ஆறுகளில் பாஸ் இடும் முட்டைகள் ஏன் பொரிப்பதில்லை என்று தேடி அலைந்தார். 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பாஸுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் ஐந்து வருஷம் அந்த மீனைப் பிடிக்கவே தடை போட்டது. 1995-இல் மீன்வளம் மீண்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகு மறுபடியும் குறைந்தது.

என் பன்னிரண்டு வண்ண இரைகளும் இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன. வெள்ளீயத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து ஓரம் மழுங்கிவிட்டது. உரமாகப் போடாதே என்று ஒரு காலத்தில் சொன்ன மாசசூசெட்ஸில், இப்போது கடற்கரைக்குப் போகிறவர்கள் அளவுநாடாவும் எடுத்துப் போகிறோம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாஸ். 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தைத் தொடவும் கூடாது. மற்றதையெல்லாம் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.