கோப்பியை அழித்த பங்கசும் தேயிலையில் நிலைத்த மக்களும்

ஆங்கிலேயர் தேநீர் அருந்துபவர்களாக மாறியதற்கு இலங்கையின் கோப்பிச் செடிகளைத் தாக்கிய ஒரு பங்கசே காரணம் என்றொரு கதை உண்டு. தாவர நோய்கள் பற்றிய நூல்களிலும் சஞ்சிகைகளிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, இன்று இணையமெங்கும் உலவும் கதை இது. கேட்பதற்குச் சுவையானதுதான். ஆனால் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் வீசப்பட்டது ஆங்கிலேயரின் தேயிலைப் பெட்டிகளே. சீனத் தேயிலைக்குக் கொடுக்க வெள்ளி போதாமல் அபினியை விற்று, அதன் பொருட்டு 1839இல் சீனாவுடன் போருக்கும் போனவர்கள் அவர்கள். அப்போது இலங்கையின் கோப்பி செழித்து வளர்ந்துகொண்டிருந்தது. துரு நோயின் உலக வரலாற்றை 2019இல் நூலாக எழுதிய கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஸ்டுவர்ட் மக்குக்கும் இக்கதையை ஏற்கவில்லை.

அவ்வாறாயின் அந்தப் பங்கசு எவருடைய வாழ்வை மாற்றியது? தேநீரைக் குடித்தவர்களுடையதை அல்ல. கொழுந்து கொய்தவர்களுடையதை என்பதே சரியான விடையாகும்.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு அறிஞர் பார்க்லி, அதுவரை அறியப்படாத அப்பங்கசுக்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். தோட்டத் துரைமார் அதனை 'நாசகார எமிலி' என்று வேடிக்கையாக அழைத்தனர். 1870இல் பத்து இலட்சம் அந்தருக்கும் அதிகமான கோப்பி ஏற்றுமதியாயிற்று, விலையும் ஏறியது. ஆகவே நோய் பரவிக்கொண்டிருந்தபோதே மேலும் காடுகளை அழித்து மேலும் கோப்பியை நட்டனர்.

1880இல்தான் அரசாங்கம் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை வரவழைத்தது. இரண்டாண்டு ஆய்வில் நோயின் வழியை அவர் தெளிவாகக் கண்டறிந்தார். காற்றில் பறக்கும் நுண்ணிய வித்திகள் இலையில் விழுந்து, ஈரத்தில் முளைத்து, இலைத்துளைகளினூடாக உட்புகுகின்றன. உட்புகுந்த பின்னர் மருந்து பயனற்றது. இதைவிட முக்கியமானது அவர் சுட்டிக்காட்டிய மற்றோர் உண்மை. மலைக்கு மலை, இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பாதை அமைத்துக் கொடுத்தது. ஆனால் துரைமார் எதிர்பார்த்தது மருந்தை, விளக்கத்தை அல்ல.

வீழ்ச்சி விரைவாக வந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நாணயத்தாள்கள் மக்கள் கையில் வெற்றுக் காகிதமாகாதிருக்கத் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்க உத்தரவாதம் வழங்க நேர்ந்தது. துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினர். எல்லோரும் அதையே நட்டதால் அதன் விலையும் சரிந்தது. பின்னரே, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலையைப் பலரும் நாடினர்.

இந்தப் பயிர் மாற்றத்தில்தான் தமிழரின் வரலாறு திரும்புகிறது. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் தமிழகத்திலிருந்து கங்காணிமாரோடு கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து வந்தவர்களில் பலர் வழியிலேயே மாண்டனர். தப்பியவர்களுட் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். நாள்தோறும் கொய்யக் கைகள் வேண்டும். பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன. லயன் அறைகளில் நிலைத்தன. மலையகம் என்றொரு சமூகம் உருவாயிற்று.

அச்சமூகத்தைத்தான் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றதாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தீர்ப்பைப் பின்போட்டது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதற்கெல்லாம் எமிலியைக் குற்றம் சாட்ட முடியாது. பங்கசு எவருடைய பிரஜாவுரிமையையும் பறிக்கவில்லை. அதைச் செய்தது நாடாளுமன்றம். பருவத்துக்கு வந்து போனவர்களை ஆண்டு முழுவதும் நிறுத்தி வைத்த பொருளாதாரம், அவர்களுக்கு உரிய உரிமையை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு.

எமிலியின் பயணமும் முடிந்துவிடவில்லை. 1970இல் அது பிரேசிலை அடைந்தது. 2012ஆம், 2013ஆம் ஆண்டுகளில் மத்திய அமெரிக்காவை உலுக்கியது. குவாத்தமாலா அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. நோயை எதிர்க்கும் இனமென ஹொண்டூராசில் பரவலாக நடப்பட்ட 'லெம்பிரா' கோப்பியும் 2017இல் துருவுக்குப் பணிந்தது. நிழல் மரங்களோடு பல இனங்களைக் கலந்து நடுவதா, திறந்த வெயிலில் ஒரே இனத்தை நட்டு உச்ச விளைச்சல் பெறுவதா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் ஒரே வகை வாழையை நட்டு ஏற்றுமதி செய்யும் தோட்டங்களின் முன்னாலும் இதே கேள்வி நிற்கிறது.

ஒரே பயிரின் இலாபம் நல்ல காலத்தில் முதலாளியின் ஏட்டில் பதிவாகிறது. அது சரியும்போது வரும் நட்டம் முதலில் இறங்குவது கூலிக்காரரின் அடுப்படியில். வார்ட் சொன்ன விளக்கத்தை 1880களில் கேட்காதவர்கள் வேறு பயிருக்கு மாறினர். சிலர் தம் நாட்டுக்குக் கப்பலேறினர். கூடை சுமந்தவர்களுக்கோ அத்தகைய தெரிவு எதுவும் இருக்கவில்லை. ஆங்கிலேயரின் தேநீர்க் கோப்பை பற்றிய சுவையான கதையைச் சொல்பவர்கள், அதன் கூடவே இதையும் சொல்ல வேண்டும்.